ஜப்பான் மலைக்கு வைத்த பொட்டு

1991-ஆம் ஆண்டு ஆயுத பூஜை அன்று நடந்தது இது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், லாரிக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தச்சு வேலை பார்த்தேன். இன்று அந்தச் சாலையில் பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் மதில் சுவர்தான். அன்று கம்பெனிகள் ஒன்றிரண்டு, நடுவில் முள்ளுக்காடு. உதிரி பாகங்களை வைத்து அனுப்ப மரப்பெட்டி அடிப்பது என் வேலை. ஒன்பது வருடமாக கான்ட்ராக்ட்டில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதைவிடப் பெரிய குறை, நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வேண்டுமென்றால்கூடக் கேட்காமல் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம் ஜப்பான் கம்பெனி ஒன்று எங்களோடு கூட்டு சேர்ந்தது. அவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கேட்டருகே ரோஜாச் செடி வைத்தார்கள். வரவேற்பு ஹாலில் அவர்கள் ஊர்ப் பொருள் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று எங்கள் நிர்வாக அதிகாரிக்குத் தோன்றிவிட்டது. சென்னையில் தனியார் நடத்தும் சின்ன அருங்காட்சியகம் ஒன்றில் நூறு வருடத்துக்கு மேல் பழமையான ஜப்பான் படம் இருந்தது. முதலாளிக்கு அங்கே பழக்கம். இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கிவிட்டார்கள்.

“செத்த காலேஜ்லேர்ந்து படம் வந்துகீது, போய் இறக்கு” என்று வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார். எங்கள் பக்கம் மியூசியத்துக்கு அதுதான் பெயர். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ்.

படத்தோடு அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியும் வந்திருந்தார். கண்ணாடி போட்டவர், என் வயதுதான் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்து கொண்டுவந்த படம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருந்தது. ஒரு ஏரி, மரப்பாலம், பாலத்தில் ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு மழையில் ஓடும் இரண்டு மூன்று பேர். தூரத்தில் வெள்ளையாக ஒரு மலை. மீதி எல்லாம் வானம்.

“இன்னாப்பா, செம்பரம்பாக்கம் ஏரியாட்டமே கீது. மலைய மட்டும் எவனோ கொண்டாந்து வெச்சுட்டான்” என்றார் வாட்ச்மேன்.

அங்கே பெருக்கித் துடைக்கிற அம்மாளும் எட்டிப் பார்த்தார். சேரப்பணஞ்சேரியிலிருந்து வருபவர், கிறிஸ்தவர், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். “பாவம்ண்ணா, அந்த ஊர்லயும் கூலிக்காரன்தான் மழைல நனையறான்” என்றார்.

ஆணி அடித்து மாட்டும்போதுதான் நான் அந்த வானத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். மேலே கருநீலம், கீழே வர வர வெளுப்பு. அந்த நீலத்துக்குள் மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து போயின. எனக்குக் கை நின்றுவிட்டது. அது மரத்தின் ரேகை. பலகையை இழைத்தால் தெரியுமே, அதே ரேகை. காகிதத்தில் எப்படி வரும்?

கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். அருங்காட்சியக அம்மையாரே கவனித்து “என்னங்க?” என்றார். “பலகை தெரியுதுங்க மேடம்” என்றேன். அவர் முகம் மலர்ந்ததை இன்றும் சொல்ல முடியும். படித்தவர்களே இதைக் கண்டுபிடிப்பதில்லை என்றார். அந்தப் படம் கையால் வரைந்ததில்லையாம். பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் கையால் தேய்த்துத் தேய்த்து அச்செடுத்ததாம். ஒரு நிறத்துக்கு ஒரு பலகை. நான் எண்ணிப் பார்த்தேன், ஏழு நிறம் இருந்தது. ஏழு பலகையும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது. பெட்டிக்கு மூடி பொருத்துகிற எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார். வெயில் படக் கூடாது, ஈரம் படக் கூடாது, எந்தக் காரணத்துக்கும் படத்தின் மேல் போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. அதிகாரியிடமும் இதையே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார். அதன் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஹால் பக்கம் போய் அந்த வானத்தைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஜப்பான்காரர்கள் வந்தார்கள். படத்தின் முன்னால் நின்று தலை குனிந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். மறுநாள் ஆயுத பூஜை.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். லேத்துக்குப் பொட்டு, டிரில்லுக்குப் பொட்டு, டைப்ரைட்டர், டெலிபோன், சாவிக்கொத்து, வாட்ச்மேனின் டார்ச் லைட், எதையும் விட மாட்டோம். சந்தனக் கிண்ணமும் குங்குமத் தட்டும் வருடா வருடம் என் கையில்தான் வரும். வழிய விடாமல் வைப்பேன் என்று பெயர். அன்றும் அதிகாரியே கொடுத்தார். “ஒண்ணு விடக் கூடாது. போன வருஷம் டெலக்ஸ் மெஷினை விட்டுட்ட, மூணு மாசம் படுத்துக்கிச்சு” என்றார்.

எல்லாம் முடித்து கடைசியில் ஹாலுக்கு வந்தேன். கதவுக்கு வைத்தேன், கடிகாரத்துக்கு வைத்தேன். படத்தின் முன்னால் வந்ததும், இதை மட்டும் விடுவானேன் என்று தோன்றியது. நம் ஊரில் சாமி படம் எதுவானாலும் கண்ணாடியின் மேல்தானே பொட்டு வைக்கிறோம், துடைத்தால் போய்விடுகிறது. அதோடு அதில் இருப்பது மலை. திருவண்ணாமலையில் மலையைத்தானே சாமி என்று சுற்றி வருகிறோம். மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு, மலைக்கு மேலே வைத்தேன். சந்தனத்தின் மேல் குங்குமமும் வைத்துவிட்டேன்.

வைத்து அழுத்தும்போதுதான் உணர்ந்தேன். விரலுக்குக் கீழே குளிர்ச்சியாக, கெட்டியாகக் கண்ணாடி இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தது. காகிதம்.

துடைக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. மரத்தில் சாயம் பட்டாலே ஈரத்தோடு தேய்த்தால் உள்ளே இறங்கும். காயவிட்டு, கத்தி முனையால் செதில் செதிலாக எடுத்தால் ஓரளவு தப்பும். ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் வேகமாக வந்தார், பார்த்தார். பூஜைச் செம்பில் கைக்குட்டையை நனைத்தார். “தொடாதீங்க சார்” என்று நான் சொல்ல வேண்டும். மனதில் சொல்லிவிட்டேன். அது வாய் வழியாக வெளியே வருவதற்குள் அவர் நாலு இழுப்பு இழுத்து முடித்துவிட்டார். ஒரு ரூபாய்க் காசளவு இருந்த பொட்டு, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. வெள்ளை மலை ரோஸ் கலரில் இருந்தது. அதற்கு மேலே வானத்தில் மஞ்சள்.

கண்ணாடி சோபாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தது. “போட்டோல லைட்டு அடிக்குதுன்னு நேத்து வந்த போட்டோகிராபர் சொன்னான், கழட்டச் சொன்னேன். திரும்ப மாட்டணும்னு ஒருத்தனுக்கும் தோணல பாரு” என்று என்னைத் திட்டினார். கழற்றச் சொன்னவருக்கே தோன்றவில்லை என்பது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

பிறகு ஹால் கதவைச் சாத்தினார். குரல் மாறிவிட்டது. “இதோ பாரு. நீ ஒண்ணும் பண்ணலை, நானும் ஒண்ணும் பண்ணலை. தீபாவளிக்குள்ள பர்மனென்ட் லிஸ்ட் வருது, உன் பேரு அதுல இருக்கு. நீ பேசாம இரு, அவ்வளவுதான். அது உனக்குச் சொல்லியா தரணும்?” என்று சிரித்தார்.

நான் பேசாமல் இருந்தேன்.

பிற்பகல் பொரி கடலை கொடுத்தார்கள். அந்தத் துப்புரவு அம்மாளும் பிள்ளைகளுக்கு வாங்கிப் போகத் துணிப்பை விரித்துக்கொண்டு வரிசையில் நின்றார். பூஜைக்கு வரமாட்டார், பொரிக்கு மட்டும் வருவார் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். “ஏசப்பா பொரி துன்னக் கூடாதுன்னு எங்கயும் சொல்லலியே” என்பார். அன்று அவர் முறை வருவதற்குள் வாட்ச்மேன் போய் அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார். விசாரணை இருக்கிறதாம், கூப்பிடும்போது வந்தால் போதுமாம். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் பேக்கிங் ஷெட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜையில் வைத்த சுத்தியலை அன்று தொடக் கூடாது. கையில் செய்ய ஒரு வேலையும் இல்லாமல், அவர் காலிப் பையை மடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதைக் கடைசி வரைக்கும் பார்த்தேன்.

அடுத்த இரண்டு நாள் லீவு. அவர் ஊர் எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். நான் போகவில்லை. வெறும் விசாரணைதானே, கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது வருடம் கழித்து வரப்போகும் பர்மனென்ட்டையும் நினைத்துக்கொண்டேன். இங்கே அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அருங்காட்சியக அம்மையார் படத்தை எடுத்துப்போக வந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வரும்படி எனக்கு ஆள் வந்தது. நான் போனபோது அவர் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். “பொட்டு மட்டும்னா எப்படியாவது எடுத்திருக்கலாம். யாரோ தண்ணி தொட்டுத் துடைச்சிருக்காங்க” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல் அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அதிகாரி இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு கடிதத்தை நீட்டினார். விசாரணை முடிந்துவிட்டது, சம்பந்தப்பட்டவரை நீக்கிவிட்டோம், இதோ சாட்சியும் இருக்கிறார் என்று என்னைக் காட்டினார். அப்போதுதான் கவனித்தேன். பெருக்கித் துடைக்கிற அம்மாள் வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் கதவோரம் நின்றிருந்தார்.

“இன்னா சார் சாட்சி? நான் இன்னா பண்ணேன்?” என்றார்.

“கண்ணாடியக் கழட்டி, பொட்டு வெச்சு, அப்புறம் பயந்துபோய் ஈரத்துணியால துடைச்சிருக்க. தெரியாமப் பண்ணதுதான்னு எழுதியிருக்கோம், போலீசுக்குப் போகல. அதுக்கு சந்தோஷப்படு.”

“நான் பொட்டு வெச்சனா? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவ சார் நானு. பத்து வருசமா இங்க பூஜ நடக்குது, குங்குமத் தட்ட ஒருத்தனாவது என் கைல குடுத்துகிறானா? நீயே சொல்லு வாட்ச்மேனு.”

வாட்ச்மேன் தரையைப் பார்த்தார். அதிகாரி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. “அதனாலதான்மா இப்படி ஆச்சு. பழக்கம் இருக்கறவன் வெச்சிருந்தா பேப்பர் மேல வெச்சிருப்பானா?” என்றார்.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. கழற்றச் சொன்னது அதிகாரி, பொட்டு வைத்தது நான், துடைத்ததும் அதிகாரியே. மூன்றையும் சேர்த்துக் கட்டி, அந்த நேரத்தில் அந்த ஹாலிலேயே இல்லாத ஒருத்தியின் தலையில் வைக்கிறார். அந்த அம்மாள் வைக்கவே மாட்டார் என்பதற்கு எது ஆதாரமோ, அதையே அந்த அம்மாள் வைத்ததற்கு ஆதாரமாகத் திருப்புகிறார். படிப்பு மனிதனுக்கு இதற்குத்தான் பயன்படுமானால் ஐந்தாம் வகுப்போடு நின்றதே மேல் என்று நினைத்தேன்.

பேனாவை என் கையில் கொடுத்தார். “கீழ சாட்சின்னு இருக்கு பாரு, அங்க போடு.”

நான் கடிதத்தைப் பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. “தமிழ்ல படிச்சுக் காட்டுங்க சார்” என்றேன். அதுதான் நான் அவரிடம் முதல்முதலாகக் கேட்டது.

“உனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? போடு, டைம் ஆவுது.”

அருங்காட்சியக அம்மையார் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, வரி வரியாகத் தமிழில் சொன்னார். அதில் அந்த அம்மாளின் பெயர் வந்தது. அப்பா பெயர், ஊர் பெயர் எல்லாம் வந்தது. இவற்றைக் கண்ணால் பார்த்தேன் என்று என் பெயரும் வந்தது.

“பொட்டு வெச்சது நான்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. அம்மையார் “என்ன சொன்னீங்க?” என்றார். மறுபடி சொன்னேன். நிறுத்தினால் அதற்குமேல் வராது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னேன். “பொட்டு வெச்சது நான். கண்ணாடி கழட்டச் சொன்னது சாரு. கைக்குட்டைய நனைச்சுத் துடைச்சதும் சாருதான். இந்தம்மா அங்க இல்லவே இல்ல.”

“லீவுல எவனோ ஊத்திவிட்டுட்டான் இவனுக்கு” என்று அதிகாரி சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை. நான் இதுவரை குடித்ததில்லை என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். அவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார்.

அம்மையார் அந்தக் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளையில், “இப்ப சொன்னதை எழுதிக் கொடுங்க” என்றார். நாலு வரி எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. துணைக்கால் எல்லாம் சரியாக விழுந்ததா என்று தெரியாது. எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டேன்.

சினிமாவாக இருந்தால் அந்த அம்மாள் இந்த இடத்தில் கை கூப்பியிருப்பார். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் ஏதோ எதிர்பார்த்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் என்னிடம் நேராக வந்து நின்றார்.

“ரெண்டு நாளு எங்கண்ணா இருந்த?” என்றார்.

பேனா இன்னும் என் கையில் இருந்தது.

“கம்பெனில இன்னாவோ திருடிட்டேன்னு ஊரெல்லாம் பேசிக்கினு கீது. பாஸ் புடுங்கிட்டாங்கன்னா வேற இன்னா நெனப்பாங்க? என் பெரிய பொண்ணு கேக்குது, ‘நீ எடுத்தியாம்மா’ன்னு. பெத்த பொண்ணு. இன்னா பதில் சொல்றதுன்னு எனுக்கே தெரியல, ஏன்னா இன்னாத்துக்கு நிறுத்துனாங்கன்னே எனுக்குத் தெரியாது. உனுக்குத் தெரியும். வாய வெச்சுக்கினு வூட்லதான இருந்த?”

அதிகாரி “சரி சரி, அப்புறம் பேசிக்கலாம்” என்றார். “நீ சும்மா இரு சார்” என்று அவரையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாட்ச்மேன் சட்டைப் பையிலிருந்த தன் கேட் பாஸைத் தானே எடுத்துக்கொண்டு துடைப்பம் இருக்கும் அறைக்குப் போனார்.

படத்தைப் பெட்டியில் வைத்து நானே மூடினேன். ஆணி அடித்தால் அதிரும் என்று, பழைய துளைகளிலேயே ஒவ்வொன்றையும் கையால் அழுத்தி இறக்கினேன். அம்மையார் தம் மேலிடத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதியதால், அந்த அம்மாள் வேலையைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பர்மனென்ட் லிஸ்ட் தீபாவளிக்கு முன்பே வந்தது. அதில் என் பெயர் இல்லை. பொங்கலோடு கான்ட்ராக்ட்டும் போனது. அதிகாரிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் பெரிய பதவி கொடுத்து வேறு ஊர் கிளைக்கு அனுப்பினார்கள். வழியனுப்பு விழாவில், கம்பெனியின் பெயரைக் காப்பாற்றியவர் என்று மாலை போட்டார்களாம். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை போன சில மாதம் கழித்து அந்த அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போனேன். அந்த மாதிரிப் படங்களை மாட்டி வைப்பதில்லையாம். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று இழுப்பறையில் படுக்க வைத்திருந்தார்கள். அம்மையார் எனக்காக எடுத்துக் காட்டினார். எத்தனையோ மருந்து வைத்து ரோஸ் கலரை எடுத்துவிட்டார்கள். மஞ்சள் போகவில்லை. வானத்தில் அந்த மர ரேகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இனி யார் எடுத்தாலும் காகிதம் கிழியும் என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், வழக்கம்போல் வரவில்லை.

அந்தத் துப்புரவு அம்மாளை ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எப்போதாவது பார்ப்பேன். நன்றாக இருக்கிறீர்களா என்றால் நன்றாக இருக்கிறேன் என்பார், அதற்கு மேல் பேச மாட்டார். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை, வராததும் நியாயம்தான்.

இப்போது வேறோர் இடத்தில் பெட்டி அடிக்கிறேன். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் தமிழில் படித்துக் காட்டச் சொல்கிறேன். மற்றபடி நான் பெரிதாக மாறிவிடவில்லை. விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைக் காட்டி, “வாயே தொறக்க மாட்டாரு, தங்கமான மனுசன்” என்று புதியவர்களுக்கு அறிமுகம் செய்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் சுரீரென்று கோபம் வருகிறது, ஏனென்றால் அந்த இரண்டு நாளும் நான் அப்படிப்பட்ட தங்கமான மனிதனாகத்தான் இருந்தேன்.